பேஜ் ஃபைலை ஏற்றி விட்டால் கம்ப்யூட்டர் பறக்குமா?

சிஸ்டம் ஸ்லோவாக இருக்கிறது என்று வாயைத் திறந்தால் போதும், பக்கத்தில் இருக்கும் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "விர்ச்சுவல் மெமரியை ஏத்தி விடுங்க, பறக்கும்." அவர் சொல்வது, ராமில் இடம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் பயன்படுத்திக்கொள்ளும் பேஜ் ஃபைல் என்ற ஃபைலின் அளவை. ராம் எவ்வளவோ அதை ஒன்றரையால் பெருக்கி தொடக்க அளவுக்கான கட்டத்தில், மூன்றால் பெருக்கி அதிகபட்ச அளவுக்கான கட்டத்தில் போட்டு, ஓகே கொடுத்து, ரீஸ்டார்ட் செய்ய வேண்டுமாம். இன்னொரு கட்சியும் உண்டு. "பேஜ் ஃபைலே வேண்டாம், சுத்தமா எடுத்துடுங்க, அப்பத்தான் எல்லாம் ராமிலேயே ஓடும்" என்பது அவர்கள் வாதம். இரண்டு தரப்பும் செய்து பார்த்துவிட்டு, வேகம் கூடியது என்று சத்தியம் செய்வார்கள். பொய் இல்லை, கூடித்தான் இருக்கும். ஆனால் இரண்டு பேருக்கும் வேகத்தைக் கொடுத்தது ஒரே விஷயம்தான்: அந்த ரீஸ்டார்ட். நாள்கணக்கில் ஸ்லீப்பில் போட்டுப் போட்டு எழுப்பி, குரோமில் முப்பது டேப் திறந்து வைத்து, பின்னால் என்னென்னவோ ஓடிக்கொண்டிருந்த ஒரு கம்ப்யூட்டரை எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கச் சொன்னால் அது வேகமாகத்தானே இருக்கும். (ஷட் டவுன் கொடுத்து மறுநாள் காலையில் ஆன் செய்வது இதற்குச் சமம் இல்லை. விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. அது விண்டோஸின் உள்பகுதியை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டு மறுநாள் எடுத்துப் போடும். ரீஸ்டார்ட் மட்டுமே முழுதாகப் புதிய தொடக்கம்.)

அப்படியென்றால் அந்த செட்டிங் எதற்குத்தான் இருக்கிறது? அது தெரிந்தால் எப்போது தொட வேண்டும், எப்போது தொடக்கூடாது என்பது தானாகப் புரிந்துவிடும்.

ஒரு புரோகிராம் மெமரி கேட்கும்போது ராமில் இன்ன இடம் என்று விண்டோஸ் நேரடியாகக் காட்டுவதில்லை. ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனக்கே உரிய ஒரு முகவரி வெளியைக் கொடுத்து, அதை 4 கேபி அளவுள்ள பக்கங்களாக வெட்டி, எந்தப் பக்கம் இப்போது எங்கே இருக்கிறது என்று ஓர் அட்டவணை வைத்துக்கொள்கிறது. 1985இல் வந்த இன்டெல் 386 புராசசர் தொடங்கி இன்றைய சிப்கள் வரை இந்த அட்டவணையைப் பார்த்து இடம் கண்டுபிடிப்பது சிப்பின் வேலை. கேட்ட பக்கம் ராமில் இல்லையென்றால் சிப் அந்த இடத்திலேயே நின்று விண்டோஸைக் கூப்பிடும். அது டிஸ்க்குக்குப் போய் எடுத்து வர வேண்டியிருந்தால் அதற்குப் பெயர் ஹார்டு ஃபால்ட். ராமில் இடம் குறையும்போது கொஞ்ச நேரமாக யாரும் தொடாத பக்கங்களைக் கொண்டுபோய் வைக்கும் இடம்தான் சி டிரைவில் மறைந்திருக்கும் பேஜ்ஃபைல்.சிஸ். நாம் மாற்றுகிற எண்கள் இந்த ஒரு ஃபைலின் அளவு, அவ்வளவுதான்.

இந்த ஏற்பாடு வேகத்துக்காகப் பிறந்ததும் இல்லை. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் குழுவினர் ஃபெரான்டி நிறுவனத்தோடு சேர்ந்து கட்டி, 1962 டிசம்பரில் ஓடத் தொடங்கிய அட்லஸ் கம்ப்யூட்டரில்தான் இது முதலில் வந்தது. அதில் வேகமான கோர் மெமரி (அன்றைய ராம்) 16 ஆயிரம் சொற்கள் அளவு; சொல் என்பது கம்ப்யூட்டர் ஒரே தடவையில் கையாளும் தகவல். சுழன்றுகொண்டே இருக்கும், மெதுவான டிரம் (அன்றைய டிஸ்க்) 96 ஆயிரம் சொற்கள் அளவு. அதுவரை புரோகிராம் எழுதுகிறவரே எதை எப்போது டிரம்மிலிருந்து கோருக்குக் கொண்டுவருவது, எதைத் திருப்பி அனுப்புவது என்று ஒவ்வொரு அடியிலும் கணக்குப் போட்டு எழுத வேண்டும். பெரிய தலைவலி. அட்லஸ் அந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டு, இரண்டும் சேர்ந்து ஒரே பெரிய மெமரி போலத் தோன்ற வைத்தது. கில்பர்ன் குழு வாங்கிக் கொடுத்தது புரோகிராம் எழுதுகிறவரின் நேரத்தை. கோர் மெமரியின் வேகத்தை டிரம்முக்குக் கொடுக்க அவர்களால் முடியவில்லை, இன்றைக்கும் யாராலும் முடியாது.

எவ்வளவு மெதுவு என்று கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம், ஏனென்றால் எல்லாமே இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. ராமிலிருந்து ஒரு தகவலை எடுக்க சுமார் 100 நானோ செகண்ட். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் சாதாரண ஹார்டு டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி செகண்ட். வேண்டிய இடம் டிஸ்க்கைப் படிக்கும் தலைக்கு அடியில் வந்து சேர சராசரியாக அதில் பாதி. தலை சரியான தடத்துக்கு நகர இன்னும் எட்டு ஒன்பது மில்லி செகண்ட். ஆக ஒரு பக்கத்தைத் தேடி எடுக்க 12, 13 மில்லி செகண்ட். ராமைவிட ஒரு லட்சம் மடங்குக்கு மேல் மெதுவு. செகண்டுக்கு எண்பது இடத்துக்குத்தான் அந்தத் தலையால் போய்வர முடியும். எண்பது பக்கம், தலா 4 கேபி என்றால் செகண்டுக்கு 320 கேபி. ராமிலிருந்து வெளியே தள்ளப்பட்ட 200 எம்பி உள்ள ஒரு பிரவுசர் டேப்பை அப்படி ஒவ்வொரு பக்கமாகத் திரும்பக் கொண்டுவர வேண்டுமென்றால் பத்து நிமிடம் ஆகும். விண்டோஸ் பக்கத்தில் இருப்பவற்றையும் சேர்த்து வாரிக்கொண்டு வருவதால் நிஜத்தில் அவ்வளவு மோசமாவதில்லை. ஆனால் மினிமைஸ் செய்து வைத்த ஜன்னலைத் திறந்தால் அரை நிமிடம் வெள்ளையாக நிற்கிறதே, அது இதுதான். எஸ்எஸ்டியில் தலையும் இல்லை, சுற்றும் இல்லை, 0.1 மில்லி செகண்ட் அல்லது அதற்கும் கீழே. ஹார்டு டிஸ்க்கைவிட நூறு மடங்குக்கு மேல் வேகம். அப்போதும் ராமுக்குப் பக்கத்தில் வராது.

இதில் விண்டோஸ் 10 ஒரு நல்ல காரியம் செய்தது. பக்கங்களை நேராக டிஸ்க்குக்கு அனுப்பாமல், முதலில் ராமுக்குள்ளேயே சுருக்கி வைக்கிறது. சுருக்கியதை விரிக்க ஆகும் நேரம் டிஸ்க்குக்குப் போய்வரும் நேரத்தில் சிறு துளி. ஆப்பிள் 2013லேயே மேக்கில் இதைக் கொண்டுவந்துவிட்டது, லினக்ஸிலும் அதே காலத்தில் வந்தது. அதற்கும் மேலே நெருக்கடி வந்தால்தான் பேஜ் ஃபைல்.

நெருக்கடி எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதை 1968லேயே கம்ப்யூட்டர் விஞ்ஞானி பீட்டர் டென்னிங் எழுதிவிட்டார். ஓடுகிற ஒவ்வொரு புரோகிராமுக்கும் அந்த நேரத்தில் கையில் இருந்தே ஆக வேண்டிய பக்கங்கள் என்று ஒரு தொகுதி உண்டு. எல்லா புரோகிராம்களின் தொகுதிகளும் சேர்ந்து ராமைத் தாண்டிவிட்டால், ஒன்றுக்கு இடம் கொடுக்க இன்னொன்றைத் தள்ளி, தள்ளியதை அடுத்த கணமே திரும்பக் கூப்பிட்டு, சிஸ்டம் முழுக்க இந்தப் போக்குவரத்திலேயே மூழ்கிவிடும். இதற்கு திராஷிங் என்று பெயர். வேடிக்கை என்னவென்றால் அப்போது சிப் சும்மா இருக்கும். டாஸ்க் மேனேஜரில் சிபியு 6 சதவீதம், டிஸ்க் 100 சதவீதம், மவுஸ் அம்பு மட்டும் விட்டு விட்டு நகர்கிறது என்ற காட்சியைப் பார்க்காதவர் உண்டா? இந்த நிலையில் பேஜ் ஃபைலை 8 ஜிபியிலிருந்து 24 ஜிபியாக ஏற்றினால் என்ன நடக்கும்? போக்குவரத்துக்கு இன்னும் பெரிய கோடவுன் கிடைக்கும். சாலை அதேதான்.

சரி, அப்போ ஏற்றுவதால் பயனே இல்லையா என்றால், ஒரு சூழ்நிலையில் நிச்சயம் உண்டு. அதைக் கண்டுபிடிக்க டாஸ்க் மேனேஜரை எப்படிப் படிப்பது என்று தெரிய வேண்டும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கி, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியை அழுத்துங்கள். எல்லோரும் மேலே இருக்கும் சதவீதத்தைப் பார்த்துவிட்டுப் பதறுவார்கள். அதை விடுங்கள். கீழே இன் யூஸ், அவெய்லபிள், கமிட்டட் என்று சின்ன எண்கள் இருக்கும். கமிட்டட் என்பதில் சாய்கோட்டுக்கு இரண்டு பக்கமும் எண் இருக்கும்: இடது பக்கம் புரோகிராம்களுக்கு விண்டோஸ் இதுவரை வாக்குக் கொடுத்திருக்கும் மெமரி; வலது பக்கம் அதிகபட்சம் எவ்வளவு வாக்குக் கொடுக்க முடியும் என்பது. அந்த வலது பக்க எண் என்பது ராமும் பேஜ் ஃபைலும் சேர்ந்த கூட்டுத்தொகை.

8 ஜிபி ராம் உள்ள கம்ப்யூட்டர் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். உள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் கொஞ்சம் எடுத்துக்கொண்டது போக 7.7 ஜிபி. அதில் அவெய்லபிள் 0.6, கமிட்டட் 12.8/15.7 என்று இருந்தால் வாக்குக்கு இன்னும் இடம் இருக்கிறது, ராம்தான் இல்லை. இங்கே பேஜ் ஃபைலை என்ன செய்தாலும் ஸ்லோதான். புரோகிராம்களை மூட வேண்டும், இல்லை ராம் வாங்க வேண்டும். அதே கம்ப்யூட்டரில் அவெய்லபிள் 2.4, கமிட்டட் 9.3/9.5 என்று இருந்தால் கதை வேறு. ராம் 2.4 ஜிபி சும்மா கிடக்கிறது, ஆனால் வாக்கு எல்லையை முட்டிவிட்டது. அடுத்து மெமரி கேட்கிற புரோகிராமுக்கு விண்டோஸ் இல்லை என்று சொல்லிவிடும். மெமரி போதவில்லை, புரோகிராம்களை மூடுங்கள் என்ற அறிவிப்பு வருவதும், குரோம் டேப் திடீரென்று செத்துப் போவதும், எக்செல் சேவ் செய்ய மறுப்பதும் இங்கேதான். இந்த இடத்தில் பேஜ் ஃபைலைக் கூட்டினால் பிரச்சினை உடனே தீரும். வேகம் கூடுமா என்றால் கூடாது, செயலிழப்பு நிற்கும்.

ராம் சும்மா இருக்கும்போது எப்படி எல்லை முட்டும் என்று கேட்கலாம். புரோகிராம்கள் தேவைக்கு மேல் கேட்டு வைத்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவை. 2 ஜிபி வேண்டும் என்று கேட்டு வாங்கிவிட்டு அரை ஜிபியை மட்டும் தொட்டிருக்கும். மீதி ஒன்றரை ஜிபிக்கு ராமில் எந்த இடமும் போகவில்லை, ஆனால் கணக்கில் ஏறிவிட்டது. விண்டோஸ் பத்திரிகை வைத்த அத்தனை பேருக்கும் இலைக்கணக்கு எடுத்துவிட்டுத்தான் பந்தியைத் தொடங்கும். லினக்ஸ் வழக்கமாக அப்படி இல்லை. அழைத்தவர்கள் எல்லோருமா வந்துவிடப் போகிறார்கள் என்று தைரியமாகக் கூடுதலாக அழைத்துவிடும், எல்லோரும் வந்துவிட்டால் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒருவரைப் பிடித்து எழுப்பி வெளியே அனுப்பும். விண்டோஸில் பேஜ் ஃபைல் என்பது பெரும்பாலும் இந்த வராத விருந்தாளிகளுக்கான கணக்கு. அதில் ஒரு பைட்கூட எழுதப்படாமலே அது வேலை செய்துகொண்டிருக்கும்.

பேஜ் ஃபைலையே எடுத்துவிடச் சொல்லும் கட்சி கோட்டை விடுவது இதில்தான். 16 ஜிபி ராம் போட்டு பேஜ் ஃபைலை எடுத்துவிட்டால் வாக்கு எல்லை 16 ஜிபியோடு நின்றுவிடும், நான்கு ஐந்து ஜிபி ராம் காலியாக இருக்கும்போதே கேம் நின்றுவிடும். அதைவிட முக்கியமான இன்னொன்று. ராமில் இருக்கும் பக்கங்கள் இரண்டு வகை. நீங்கள் டைப் செய்தது, திறந்த படம், டேப்பின் தரவு போன்றவை ஒரு வகை. ராமிலிருந்து இறக்க வேண்டுமென்றால் இவற்றை பேஜ் ஃபைலில் எழுதியாக வேண்டும். புரோகிராமின் கோடு, அதாவது அதன் கட்டளைகள், இன்னொரு வகை; அது ஏற்கெனவே டிஸ்க்கில் இஎக்ஸ்இ ஃபைலாகவோ டிஎல்எல் ஃபைலாகவோ இருப்பதால், எழுதாமலே தூக்கிப் போட்டுவிட்டு வேண்டும்போது அங்கிருந்து படித்துக்கொள்ளலாம். பேஜ் ஃபைல் இல்லையென்றால் முதல் வகையை இறக்க வழியே இல்லை. காலையில் திறந்து வைத்து மறந்துபோன எக்செல் ஷீட்டும் ராமில்தான் உட்கார்ந்திருக்கும். இடம் வேண்டுமென்றால் விண்டோஸ் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின் கோடைத்தான் தூக்கிப் போட வேண்டும், அடுத்த கணமே டிஸ்க்கிலிருந்து மறுபடி படிக்க வேண்டும். எதைத் தவிர்க்க பேஜ் ஃபைலை எடுத்தார்களோ, அந்த டிஸ்க் ஓட்டம் வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிடுகிறது.

இனி அந்த ஒன்றரை மடங்குக் கணக்கு. அது யாரோ கட்டிவிட்டதல்ல. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் விண்டோஸே அப்படித்தான் வைத்தது: தொடக்கம் ராமைப் போல ஒன்றரை மடங்கு, அதிகபட்சம் மூன்று மடங்கு. 2001இல் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் பரிந்துரைத்த ராம் 128 எம்பி. அதற்கு ஒன்றரை மடங்கு என்றால் 192 எம்பி, நியாயமான அளவு. அதே சூத்திரத்தை இன்றைக்கு 32 ஜிபி ராமுக்குப் போட்டால் 48 ஜிபி வரும். 256 ஜிபி எஸ்எஸ்டியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும், ஒரு பயனும் இல்லாமல். ராம் கூடக் கூட பேஜ் ஃபைல் தேவை குறைய வேண்டும், சூத்திரமோ கூட்டச் சொல்கிறது. இன்றைய விண்டோஸ் இதை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது. தானாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தால் ராமில் எட்டில் ஒரு பங்கு, முன்பு எவ்வளவு தேவைப்பட்டது என்ற வரலாறு, கிராஷ் ஆனால் டம்ப் (அந்த நேரத்து மெமரியின் நகல்) எழுத எவ்வளவு இடம் வேண்டும் என்பதையெல்லாம் பார்த்துத் தொடக்க அளவை வைத்துக்கொள்ளும். கொடுத்த வாக்கு, வாக்கு எல்லையின் 90 சதவீதத்தைத் தொட்டால் ஃபைலைத் தானாகப் பெரிதாக்கும். ராமைப் போல மூன்று மடங்கு அல்லது 4 ஜிபி, இதில் எது பெரியதோ அதுவரை போகும். ஆனால் டிரைவின் மொத்த அளவில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டாது.

இந்த எட்டில் ஒரு பங்கு நம் ஊர் அசெம்பிள்டு சிஸ்டம்களில் இடிக்கும். 1 டிபி ஹார்டு டிஸ்க்கை வாங்கி சி, டி, இ, எஃப் என்று நான்காக வெட்டி, சிக்கு மட்டும் 80, 100 ஜிபி கொடுத்திருப்பார்கள். விண்டோஸ் அப்டேட்டுகளும், டவுன்லோட்ஸ் ஃபோல்டரும், டெஸ்க்டாப் முழுக்கக் கொட்டிக் கிடக்கும் வீடியோக்களும் சேர்ந்து சி டிரைவ் சிவப்புக் கோட்டில் நிற்கும். பேஜ் ஃபைல் வளர இடமே இருக்காது. முன்னால் சொன்ன 9.3/9.5 நிலை பெரும்பாலும் இப்படித்தான் உருவாகிறது. இங்கே முதல் வைத்தியம் சி டிரைவைக் காலி செய்வது. செட்டிங்கைத் தொடவே வேண்டாம்.

சி நிறைந்துவிட்டதே, பேஜ் ஃபைலை டிக்கு மாற்றினால் வேகம் கூடும் என்பதும் இங்கே பரவலான ஒரு நம்பிக்கை. டி என்பது தனி டிஸ்க் என்றால் சரி. ஒரே ஹார்டு டிஸ்க்கின் இன்னொரு துண்டு என்றால் தலை ஒன்றுதான். விண்டோஸ் ஃபைலுக்கு சி பக்கம் ஓடி, பேஜ் ஃபைலுக்கு டி பக்கம் ஓடி, முன்பைவிட அதிகம் அலையும். இடப் பற்றாக்குறைக்கு வேண்டுமானால் செய்யலாம். ஒரு சிறிய பேஜ் ஃபைலை சியிலும் விட்டு வைப்பது நல்லது, ஏனென்றால் புளூ ஸ்கிரீன் வரும்போது டம்ப் எழுத விண்டோஸ் அதைத்தான் எதிர்பார்க்கும்.

இரண்டு கட்டத்திலும் ஒரே எண்ணைப் போட்டுவிடுங்கள் என்ற அறிவுரைக்கும் ஒரு காலத்தில் அர்த்தம் இருந்தது. விண்டோஸ் 95இல் ஸ்வாப் ஃபைல் (பேஜ் ஃபைலின் அன்றைய பெயர்) சுருங்கி விரிந்துகொண்டே இருக்கும், விரியும்போது துண்டு துண்டாகச் சிதறும். ஹார்டு டிஸ்க்கில் சிதறல் என்றால் தலைக்கு அலைச்சல். எக்ஸ்பி காலத்தில் விண்டோஸ் நிபுணர் மார்க் ருசினோவிச் இதற்காகவே பேஜ்டிஃப்ராக் என்ற சின்ன டூல் எழுதி வைத்திருந்தார். விண்டோஸ் ஓடும்போது பேஜ் ஃபைலைத் தொட முடியாது என்பதால் பூட் ஆகும்போதே அதை ஒழுங்குபடுத்தும். எஸ்எஸ்டியில் சிதறல் ஒரு பொருட்டே இல்லை. இன்னும் ஹார்டு டிஸ்க்கிலேயே விண்டோஸ் ஓட்டுகிறவர்கள் தொடக்க அளவை மட்டும் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். அதிகபட்சத்தையும் அதே எண்ணில் பூட்டி வைத்தால் அவசரத்துக்கு வளர முடியாது.

எஸ்எஸ்டியில் பேஜ் ஃபைல் இருந்தால் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்று பயந்து, அதைக் கொண்டுபோய்ப் பழைய ஹார்டு டிஸ்க்கில் வைப்பவர்கள் உண்டு. வேகமான இடத்தில் இருக்க வேண்டிய ஒரே ஃபைலை மெதுவான இடத்துக்கு அனுப்புகிறார்கள். 2009இல் விண்டோஸ் 7 குழு தங்களுக்குக் கிடைத்த தரவுகளை வைத்து வெளியிட்ட கணக்கில், பேஜ் ஃபைலிலிருந்து படிப்பது எழுதுவதைப் போல சுமார் 40 மடங்கு. படிப்பவற்றில் 67 சதவீதம் 4 கேபி அல்லது அதற்கும் சிறியவை. சின்னச் சின்னதாக அங்கங்கே படிப்பதுதான் எஸ்எஸ்டி பிரமாதமாகச் செய்கிற வேலை. தேய்மானத்துக்கும் ஒரு கணக்கு: 250 ஜிபி அளவில் நல்ல கம்பெனி எஸ்எஸ்டிகள் சிலவற்றுக்கு 150 டிபி எழுதும்வரை வாரண்டி இருக்கிறது. தினமும் 10 ஜிபி எழுதினாலும் வருடத்துக்கு 3.65 டிபி, நாற்பது வருடம் ஆகும். அதற்குள் கம்ப்யூட்டரே மியூசியத்துக்குப் போய்விடும்.

கொஞ்சம் கனமான ஒரு வேலையை வைத்து இதைப் பார்ப்போம். கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிற ஸ்டுடியோக்களில்தான் இந்தச் சிக்கல் தினசரி. 12க்கு 36 அங்குல ஷீட், 300 டிபிஐ என்றால் 10,800க்கு 3,600 பிக்சல், அதாவது 3.9 கோடி பிக்சல். ஒரு பிக்சலுக்கு மூன்று பைட் வைத்தால் பேக்ரவுண்ட் லேயர் ஒன்றுக்கே 110 எம்பிக்கு மேல். அதன் மேல் மணமக்கள் படங்கள், மாஸ்க், பூ டிசைன், நிழல் என்று இருபது லேயர் ஏறும். கூடவே அன்டூ செய்ய ஹிஸ்டரி. இரண்டு மூன்று ஷீட்டை ஒரே நேரத்தில் திறந்து, பக்கத்தில் குரோமில் வாட்ஸ்அப் வெப்பையும் ஓட்டினால் 8 ஜிபி எப்படித் தாங்கும்? போட்டோஷாப் தன் செட்டிங்கில் ராமில் 70 சதவீதத்தைத் தனக்கென்று வைத்துக்கொள்ளும். அதுவும் தீர்ந்தால் ஸ்கிராட்ச் டிஸ்க் என்று தனக்குச் சொந்தமான ஒரு ஃபைலில் எழுதத் தொடங்கும். அது பேஜ் ஃபைல் இல்லை, வேறு. ஸ்கிராட்ச் டிஸ்க் நிறைந்துவிட்டது என்று வரும் செய்தியைப் பார்த்துவிட்டு விர்ச்சுவல் மெமரியை ஏற்றுகிறவர்கள் நிறைய. ஏற்றினால் அதே டிரைவில் மிச்சமிருந்த இடமும் போகும், செய்தி இன்னும் சீக்கிரம் வரும். ஸ்கிராட்ச் டிஸ்க்கை காலி இடம் உள்ள எஸ்எஸ்டிக்கு மாற்றுவதும், குரோமும் கூடவே ஓடும் என்றால் அந்த 70ஐ 60க்கு இறக்குவதும்தான் அங்கே பலன் தரும்.

அப்படிப்பட்ட கம்ப்யூட்டரில் பேஜ் ஃபைலுக்கு எண் போட்டே ஆக வேண்டும் என்றால், ருசினோவிச் 2008இல் சொன்ன வழியைவிட நல்லது எதையும் நான் பார்த்ததில்லை. வழக்கமாகத் திறக்கும் அத்தனையையும் திறந்து, மிகக் கனமான வேலையைச் செய்து, கமிட்டட் எண் உச்சத்தில் எவ்வளவு போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 13 ஜிபி என்று வந்தால் அதில் ராம் 8ஐக் கழித்து 5 ஜிபி தொடக்கம், அதன் இரட்டிப்பு 10 ஜிபி அதிகபட்சம். விண்டோஸ் எம்பியில் கேட்கும் என்பதால் 5120, 10240. உங்கள் வேலையிலிருந்து வந்த எண் இது, ராமின் அளவிலிருந்து பெருக்கிக் கிடைத்தது அல்ல. கழித்தால் மைனஸில் போகிறது என்றால் ராமே போதும், தானியங்கியிலேயே விட்டுவிடலாம்.

மாற்றும் இடம்: ஸ்டார்ட் மெனுவில் அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ் என்று தேடி, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் செட்டிங்ஸ், அப்புறம் அட்வான்ஸ்டு, அதில் விர்ச்சுவல் மெமரிக்குக் கீழே சேஞ்ச். மேலே இருக்கும் தானியங்கி டிக்கை எடுத்து, டிரைவைத் தேர்ந்தெடுத்து, கஸ்டம் சைஸில் எண்களைப் போட்ட பிறகு செட் என்ற பட்டனை அமுக்க வேண்டும். அதை அமுக்காமல் நேராக ஓகே கொடுத்தால் ஒன்றும் மாறாது. மாற்றியதாக நினைத்துக்கொண்டு வேகம் கூடியதாகச் சொல்கிறவர்களில் பலர் இந்த வகை என்பது என் சந்தேகம். அளவைக் கூட்டினால் பெரும்பாலும் ரீஸ்டார்ட்கூட வேண்டியதில்லை, குறைத்தால் வேண்டும்.

விண்டோஸ் தன் உள் செட்டிங்குகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் செய்யச் சொல்லும் கைவேலைகளை ஒரே மூச்சில் ஒதுக்கிவிடலாம். ஷட் டவுனில் பேஜ் ஃபைலை அழிக்கும் செட்டிங் பாதுகாப்புக்கானது. வேகம் தராது, ஷட் டவுனை இழுத்தடிக்கும். விண்டோஸின் உள்பகுதியான கெர்னலை ராமிலேயே பூட்டி வைக்கும் செட்டிங் இன்றைய ராம் அளவுகளில் எந்த வித்தியாசமும் காட்டாது.

ராமைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் ஆப்களைப் பற்றி மட்டும் இரண்டு வார்த்தை அதிகமாகச் சொல்ல வேண்டும். அவை செய்வது எல்லா புரோகிராம்களின் பக்கங்களையும் வலுக்கட்டாயமாக வெளியே தள்ளுவது. காலி ராம் 1 ஜிபியிலிருந்து 5 ஜிபி ஆகும், பச்சை டிக் வரும், பார்க்க சந்தோஷமாக இருக்கும். அடுத்த நொடி எந்த ஜன்னலைத் தொட்டாலும் அது தன் பக்கங்களையெல்லாம் திரும்பக் கூப்பிட வேண்டும். இந்த வியாபாரம் புதிதும் இல்லை. 1995இல் அமெரிக்காவின் சிங்க்ரோனிஸ் என்ற நிறுவனம் ராமை இரட்டிப்பாக்கும் என்று சாஃப்ட்ராம்95 என்ற மென்பொருளை லட்சக்கணக்கில் விற்றது. நிபுணர்கள் பிரித்துப் பார்த்தபோது, அது விண்டோஸ் 3.1இல் செய்ததெல்லாம் ஸ்வாப் ஃபைலின் அளவைக் கூட்டியதுதான். விண்டோஸ் 95இல் அதுகூட உருப்படியாக இல்லை. 1996இல் அந்நாட்டு வணிகக் கண்காணிப்பு ஆணையம் நடவடிக்கை எடுத்தது. இன்றைக்கு இலவசமாகப் பரவும் அதே யோசனையை அன்றைக்குப் பெட்டியில் அடைத்துக் காசுக்கு விற்றிருக்கிறார்கள்.

ஆக, மிஞ்சுவது காசு செலவாகும் இரண்டு வழிகள். விண்டோஸ் இன்னும் ஹார்டு டிஸ்க்கில் ஓடுகிறது என்றால் ராமுக்கு முன்னால் எஸ்எஸ்டிதான். பேஜ் ஃபைலும் விண்டோஸும் ஒரே நேரத்தில் வேகமான இடத்துக்குப் போகும், பூட் ஆவதிலிருந்தே வித்தியாசம் தெரியும். எஸ்எஸ்டி ஏற்கெனவே இருந்து, அவெய்லபிள் எப்போதும் 1 ஜிபிக்குக் கீழேயே கிடந்தால் ராம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளுக்குக் கிளம்பும் முன் டாஸ்க் மேனேஜரின் அதே மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்றும் என்ன ஸ்பீடு என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மதர்போர்டு டிடிஆர்3யா டிடிஆர்4ஆ என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும், ஒன்று இன்னொன்றில் பொருந்தாது. ஒரே ஒரு ராம் ஸ்டிக் போட்ட கம்ப்யூட்டரில் இரண்டாவதைச் சேர்த்தால் பெரும்பாலான போர்டுகளில் இரண்டையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் டூயல் சேனல் கிடைக்கும், தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாதவர்களுக்கு அதுவே தனி லாபம். பழைய கம்ப்யூட்டர் என்றால் இன்னும் ஒன்று: அதில் 32 பிட் விண்டோஸ் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் போடும் ராமை அது கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. முதலில் 64 பிட் விண்டோஸ் போட்டுவிட்டு அப்புறம் கடைக்குப் போகலாம்.